25 முனை, 44 பின்: ஏற்காட்டு ஸ்டார் குறிப்புகள்

நவம்பர் 2, 2024, சனி

வெளிநாட்டில் கிறிஸ்தவ ஊழியம் செய்பவர்களுக்கு அனுப்பும் கிறிஸ்துமஸ் ஸ்டார் வேலை இன்று தொடக்கம். கடையில் தொங்கும் ஐந்துமுனை ஸ்டார் இல்லை இது. 25 முனை வைத்த ஹெர்ன்ஹூட் ஸ்டார். ஹெர்ன்ஹூட் என்பது ஜெர்மனியில் மொரேவிய சபையாரின் ஊர். ஒன்றுக்குத் தேவை: 71க்கு 56 செ.மீ. சார்ட் பேப்பர் 5 (தடிமன் 120 ஜிஎஸ்எம்முக்குக் குறையக்கூடாது), பித்தளை ஸ்பிளிட் பின் (சொருகி இரண்டு காலையும் விரித்துவிடும் பின்) 50, பெவிகால், டபுள் சைடு டேப். எல்லாமே சேலம் கடைவீதியில் கிடைக்கும். பேப்பரைச் சுருட்டி ரப்பர்பேண்டு போட்டு பஸ்ஸில் ஏற்றாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் ஓரம் நசுங்கிவிடும். மேலே வந்தபின் ஈரக்காற்றில் சுருளும் நிமிராது. இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துக் கொண்டுவரவேண்டும்.

நவம்பர் 3, ஞாயிறு

ஏன் இந்த ஸ்டார்தான் என்று கேட்பவர்களுக்கு. மொரேவிய சபை ஒரு புராட்டஸ்டன்ட் சபை. அவர்கள் 1732இல் இரண்டு பேரைக் கரீபியன் தீவான செயின்ட் தாமஸுக்கு அனுப்பினார்கள். டோபர் குயவர், நிட்ச்மன் தச்சர். போய் இறங்கிய தேதி டிசம்பர் 13. பன்னிரண்டே நாளில் கிறிஸ்துமஸ். அதன்பிறகு கிரீன்லாந்து, தென்னாப்பிரிக்கா, லாப்ரடார் என்று ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகளை ஜெர்மனியில் போர்டிங் பள்ளிகளில் விட்டுவிட்டுப் போவார்கள். 1821இல் நீஸ்கி ஊர்ப் பள்ளியில் 110 முனை வைத்த ஸ்டார் ஒன்று தொங்கியது. பிறகு கணக்குப் பாடமாகவே இதைச் செய்யப் பழகினார்கள். அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலம்) முதல் ஞாயிறன்று, அப்பா அம்மா கடல் தாண்டி இருக்க, பிள்ளைகள் உட்கார்ந்து பேப்பர் மடித்தார்கள். போர்டிங் பிள்ளைகளின் டிசம்பர் எப்படி இருக்கும் என்று, போர்டிங் பள்ளிகள் உள்ள ஏற்காட்டின் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தரங்கம்பாடியிலும் மொரேவியர் இருந்தார்கள், 1760 முதல் 1803 வரை. ஸ்டார் அதற்குப் பிறகு வந்தது. எனவே 'தரங்கம்பாடியில் அன்றே தொங்கிய ஸ்டார்' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சேலத்துக்கு லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிறிஸ்ப் 1827இல் வந்தார். அவர் வேறு சபை, மொரேவியர் இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

வெட்டும் வேலை. காம்பஸ் பத்தாது, அட்டைப் பட்டையில் 20.4 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் குண்டூசி, ஒன்றில் பென்சில். வில் வரைந்து, அதன்மேல் 8 செ.மீ. அளவாக நாலு தடவை குறித்தால் நாலுபக்க முனை. மூன்று தடவை குறித்தால் மூன்றுபக்க முனை. குறித்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே 1 செ.மீ. காது (இணைப்பதற்கான விளிம்பு) விடவும். ஒட்டுவதற்குப் பக்கவாட்டில் இன்னொரு காது. நாலுபக்கம் 17, மூன்றுபக்கம் 8. ஒரு ஷீட்டில் ஆறு அடங்கும். ஐந்து ஷீட்டில் ஐந்து கூடுதலாக வரும். கெட்டுப்போவதற்கு அது சரியாக இருக்கும்.

குண்டூசிப் புள்ளியிலிருந்து குறிகளுக்குப் போகும் மடிப்புக்கோட்டை மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்திக் கீறியபின்தான் மடிக்கவேண்டும். கீறாமல் மடித்தால் நுனியில் கோடுகள் ஒரு புள்ளியில் சேராது, முனை கோணிக்கொள்ளும். குறிக்கும்போது ஒவ்வொரு தடவையும் அரை மில்லிமீட்டர் தப்பினாலும் கடைசி முனை வாய் பிளந்து நிற்கும்.

மைதாப் பசை வேண்டாம். ஏற்காட்டு நவம்பரில் அது காய்வதற்குள் பூஞ்சை பூத்துவிடும்.

நவம்பர் 9, சனி

ஒரு ஸ்டாரைச் சோதனைக்குக் கோர்த்துப் பார்க்கும் நாள். முதலில் நடு வளையம்: நாலுபக்க முனை எட்டு. அதன்மேல் நாலுபக்கமும் மூன்றுபக்கமும் மாறிமாறி நாலு, நாலு. உச்சியில் ஒன்று. கீழேயும் அதேபோல் நாலு, நாலு. கடைசிச் சதுரம் காலி; பல்பும் ஒயரும் அதன் வழியாகத்தான். தொங்கவிடும்போது அந்த வாயைத் திருப்பி மேலே வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 44 இணைப்பு, 44 பின். காதுகள் வெளியே நிற்கவேண்டும். உள்பக்கம் மடித்தால் கடைசி வரிசைக்குக் கை போகாது.

5 வாட் எல்இடி போதும். பழைய 60 வாட் குண்டு பல்பு கூடவே கூடாது. உள்ளே 19 செ.மீ. இடம்தான், பேப்பர் கருகும்.

தனி ஆளாகக் கோர்ப்பது கடினம். இரண்டு முனையைச் சேர்த்துப் பிடிக்க ஒருவர், பின்னைச் சொருகிக் கால் விரிக்க ஒருவர். அதனால்தான் கோர்த்து முடித்ததை அனுப்பாமல், கழற்றி அனுப்பச் சொல்கிறோம். போய்ச் சேரும் ஊரில் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடாமல் அது ஸ்டாராகாது. செய்முறைத் தாளையும் தமிழில் மட்டும் வைக்காதீர்கள். அந்த ஊர்ப் பாஷையிலும் இருக்கட்டும். உதவிக்கு வருபவருக்குத் தமிழ் தெரியாது.

நவம்பர் 11, திங்கள்

பேக்கிங். ஒட்டிய நாலுபக்க முனை எதிரெதிர் மடிப்பில் அமுங்கித் தட்டையாகிவிடும். மூன்றுபக்க முனை அப்படி அமுங்காது. அழுத்தினால் ஒரு பக்கத்தில் புது மடிப்பு விழுந்து அசிங்கமாகத் தெரியும். எனவே அந்த எட்டையும் ஒட்டாமல், காதில் டபுள் சைடு டேப்பை உரிக்காமல் விட்டு, தட்டையாக வைக்கவும். அட்டை, கவர் எல்லாம் சேர்த்தே 250 கிராம் தாண்டாது.

கஸ்டம்ஸ் தாளில் 'கிறிஸ்துமஸ் பொருள்கள்' என்று மொத்தமாக எழுதவேண்டாம். பேப்பர் ஸ்டார், பித்தளைப் பின் என்று பிரித்து எழுதி, எடையும் மதிப்பும் போடவும். இயேசு பிறந்த குடிலின் நினைவாக ஒரு பிடி வைக்கோல் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அதற்காகவே பார்சலைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். விதையும் அப்படித்தான்.

நியூசிலாந்துக்குச் சிவப்புப் பேப்பர். அங்கே டிசம்பர் கோடைக்காலம், எட்டரை மணிக்கு மேல்தான் பொழுது சாயும். வெள்ளை ஸ்டார் பகலில் எடுபடாது.

டிசம்பர் 1, ஞாயிறு

அட்வென்ட் முதல் ஞாயிறு. இன்று ஸ்டார் கட்டும் நாள். பார்சல் போய்ச் சேரவில்லை என்றாலும் பதற்றம் வேண்டாம். ஜப்பானில் டிசம்பர் 25 வேலைநாள். அங்கிருப்பவர்கள் கூட்டத்தைச் சாயங்காலத்துக்கோ அடுத்த ஞாயிறுக்கோ தள்ளி வைக்கிறார்கள். எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸே ஜனவரி 7. அங்கே போய், நம் தேதியில் வீட்டுக்குள் தனியாகக் கொண்டாடிவிட்டு அவர்கள் பண்டிகையன்று சும்மா இருப்பது அழகில்லை. ஒரே ஸ்டார் இரண்டுக்கும் தொங்கட்டும்.

ஜனவரி 6, 2025, திங்கள்

ராஜாக்கள் திருநாள், ஞானிகள் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்ததன் நினைவு. எத்தியோப்பியா தவிர மற்ற இடங்களில் இன்று ஸ்டாரை இறக்கலாம். மேல் வாயிலிருந்து தொடங்கிக் கழற்றவும். பின் கால்களை விரலால் நிமிர்த்தவும். கத்தி வைத்தால் காது கிழியும். 44ஐயும் எண்ணி டப்பாவில் போடவும். இரண்டு மூன்று முறிந்திருக்கும். கூடுதலாக வைத்த ஆறு அதற்குத்தான்.