கோயாசானில் பத்தரை மணி நைவேத்தியம்

பத்தரை மணிக்கு நைவேத்தியம் என்றார்கள். பத்துக்கே போய் நின்றுவிட்டேன்.

ஊர் கோயாசான். ஜப்பானின் வகயாமா மாகாணத்து மலை. ஒசாகாவின் நம்பா நிலையத்தில் ரயில் ஏறி, கோகுராகுபாஷியில் இறங்கி, கேபிள் காரில் மேலே போகவேண்டும். சுமார் 800 மீட்டர் உயரம். 816-ல் கூக்காய் என்ற பௌத்தத் துறவி தவத்துக்காக இந்த மலையைக் கேட்டுப் பெற்றார். சீனா போய் மந்திரமும் ஹோமமும் கற்றுவந்தவர். இங்கே இன்றும் அக்னி வளர்க்கிறார்கள். அதற்குப் பெயர் 'கோமா'. நம் ஹோமம்தான் அப்படி ஆகியிருக்கிறது.

835-ல் அவர் காலமானார் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. தியானத்தில் அமர்ந்திருக்கிறாராம். நாம் ஜீவசமாதி என்போமே, அதேதான். உட்கார்ந்திருப்பவருக்குப் பசிக்காதா? அதனால்தான் தினமும் காலை ஆறுக்கும் பத்தரைக்கும் சாப்பாடு போகிறது.

சமாதி இருக்கும் ஒக்குனோயினுக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. இருபுறமும் வானளாவிய சுகி (ஜப்பானிய சீடர்) மரங்கள், பாசி படிந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளும் நினைவுக் கற்களும். பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் ஒதா நொபுனாகாவுக்கும் இங்கே இடம் உண்டு, அவரைக் கவிழ்த்த அகேச்சி மித்சுஹிதேவுக்கும் உண்டு. கரையான் ஒழிக்கும் தொழில்காரர்கள் தாங்கள் கொன்ற கரையான்களுக்கு வைத்த நினைவுக்கல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

மணி ஆனதும் மஞ்சள் உடைத் துறவிகள் மூவர் வந்தார்கள். இருவர் தோளில் வெள்ளை மரப்பெட்டி. நேரே சமாதிக்குப் போகவில்லை. பக்கத்திலிருந்த சின்ன சந்நிதியில் முதலில் படைத்தார்கள். அங்கிருப்பவர் 'ருசி பார்க்கும் ஜிசோ'. நம் மடைப்பள்ளியில் நைவேத்தியத்தை வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. இங்கே அந்த வேலைக்கென்றே ஒரு சாமி! பெட்டிக்குள் எல்லாம் சைவம்தான். ஜப்பானில் மற்ற ஊர்களில் வெறும் சூப்பில்கூட மீன் இருக்குமோ என்று பயந்து பயந்து சாப்பிட்டவனுக்கு, முந்தின இரவு கோயில் விடுதியில் கிடைத்த எள் டோஃபுவே பெரிய பிரசாதம்.

பெட்டி பாலத்தைத் தாண்டியது. அதற்கு மேல் தொப்பி கழற்றவேண்டும், கேமராவும் கூடாது. பின்னாலேயே போனேன். விளக்கு மண்டபத்தில் எங்கு பார்த்தாலும் தொங்கும் விளக்குகள். ஆயிரம் ஆண்டு அணையாதவை என்று சிலவற்றைச் சொல்கிறார்கள். அதில் ஒன்று, ஓதெரு என்ற ஏழைப்பெண் தன் கூந்தலை விற்று, வளர்த்த பெற்றோருக்காக ஏற்றியதாம்.

மண்டபத்தின் பின்னால் மூடிய வாசல், ஊதுபத்தி மணம். "நாமு தாய்ஷி ஹென்ஜோ கோங்கோ" என்று மெல்லிய குரல்கள். கூக்காயை வணங்கும் மந்திரம். எனக்கும் நாலைந்து முறையில் வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் வெள்ளை உடையில் ஒரு பாட்டி, கையில் தடி. கூக்காயின் பெயரால் ஷிக்கோக்கு தீவின் 88 கோயில்களையும் சுற்றி முடித்தவர்கள் கூக்காயிடம் சொல்லிக்கொள்ள இங்கே வருவது வழக்கம். பாட்டியின் முதுகில் நான்கு எழுத்து. விடுதியில் அர்த்தம் கேட்டேன்: 'இருவராகப் பயணம்'.

பாட்டி தனியாகத்தான் வந்திருந்தார்.