வயசான ஆக்களுக்கு ரஸ்க்கும் தேத்தண்ணியும் காணாது

திருகோணமலையில, மீனுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில, எத்தனை வீட்டில அம்மம்மாவும் அப்பப்பாவும் தேத்தண்ணிக்குள்ள ரஸ்க்கைத் தோய்ச்சுச் சாப்பிட்டிட்டு "காணும் பிள்ளை, பசியில்ல" எண்டு சொல்லினம், நாங்களும் வயசு போனா அப்பிடித்தானே எண்டு விட்டிடுறம். தயவுசெய்து விடாதீங்க.

வயசு போகப் போக மணம் ருசி குறையும், வயிறு மெதுவாத்தான் காலியாகும், சில மருந்தும் பசியைக் கெடுக்கும், அதோட தசையும் புரதத்தை முந்தி மாதிரிப் பயன்படுத்தாது, அதால இளம் ஆக்களை விட அவைக்குத்தான் கூடப் புரோட்டீன் வேணும். 65 வயசுக்கு மேல ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு 1 தொடக்கம் 1.2 கிராம் எண்டு 2013ல, வயசான ஆக்களுக்கு எவ்வளவு புரதம் வேணும் எண்டு ஆராய்ஞ்ச புரொட்-ஏஜ் (PROT-AGE) நிபுணர் குழு சொன்னது, 50 கிலோ அம்மம்மாவுக்கு 50-60 கிராம். ஒரு முட்டையிலயே 6 கிராம்தான், ரஸ்க்கில எங்க வரும்?

புரதம் வயித்தைக் கெதியா நிரப்பிடும், அதால பிரிச்சுப் பிரிச்சுக் குடுங்க. எங்கட அம்மம்மாவுக்கு காலமை முட்டை, பிறகு எருமைத் தயிர், மத்தியானம் பாரை மீனை முள்ளெடுத்து சொதிக்குள்ள உதிர்த்து தேசிக்காய் விட்டு சோத்துக்கு முதல் அதைத்தான் குடுப்பம், தேசிக்காய் மணம் வந்தாத்தான் கோப்பையைக் கிட்ட இழுப்பா. பின்னேரம் அவிச்ச பயறு. கட்டின பல்லு நோகுதோ எண்டும் கேளுங்க, சில பேர் அதாலயே சாப்பிடாம இருக்கினம்.

கிட்னி வருத்தக்காரருக்கு இந்தக் கணக்கு சரிவராது, டொக்டரிட்டக் கேட்டுத்தான் குடுக்கோணும். காரணமில்லாம நிறை குறைஞ்சாலும் கட்டாயம் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்க.