12 பைட் கொடியும் 15 பைட் கொடியும்

என் தமிழ்ச் சொற்பட்டியலில் மூன்று வாரமாகப் பிடிவாதம் பிடித்த இரட்டை வரிகள் நேற்று இரவு ஒருவழியாக ஒழிந்தன. ஒரு சின்ன மிச்சம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் 'கொடி' என்ற சொல் என் பட்டியலில் இப்போது ஒரே ஒரு தடவைதான் வருகிறது. அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

வேலை இதுதான். எழுத்துப்பிழை திருத்திக்காக வரிக்கு ஒரு சொல்லாக ஒரு பட்டியல் சேர்த்துவருகிறேன். நான்கு கோப்புகள். ஒன்று நானே குறித்துவைத்தது. ஒன்று தமிழ் விக்சனரியின் தலைப்புகள். மூன்றாவது, நண்பர் ஒருவர் பழைய எழுத்துருவில் தட்டிவைத்திருந்து பிறகு யூனிகோடுக்கு மாற்றித் தந்தது. நான்காவது ஸ்கேன் செய்த பக்கங்களிலிருந்து எடுத்தது. நான்கையும் ஒன்றாகச் சேர்த்தால் ஏழு லட்சத்துச் சொச்சம் வரி. வரிகளை வரிசைப்படுத்தும் லினக்ஸின் 'சார்ட்' கட்டளைக்கு, இரட்டைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லும் மைனஸ் யு கொடுத்தால் முடிந்துவிடும் என்றுதான் உட்கார்ந்தேன்.

வழக்கமான தூசியெல்லாம் முதல் நாளே போய்விட்டது. விண்டோஸிலிருந்து வந்த கோப்பில் வரிக்கு வரி முடிவில் ஒளிந்திருந்த 13ஆம் எண் பைட் (பைட் என்பது கோப்பில் எழுத்துகளைச் சேமிக்கும் 0 முதல் 255 வரையான எண்), சொல்லுக்குப் பின்னால் தொங்கிய ஸ்பேஸ், கோப்பின் தலையில் உட்கார்ந்திருந்த 239 187 191 என்ற யூனிகோடு அடையாளம், விக்சனரித் தலைப்புகளில் இடைவெளிக்குப் பதிலாக இருந்த அடிக்கோடு, இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவைதான். இவ்வளவும் செய்த பிறகும் கண்ணுக்கு இரட்டை தெரிந்துகொண்டே இருந்தது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், வரிசைப்படுத்திய கோப்பைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தேன். லொகேல் என்ற மொழி அமைப்பை எப்போதும் 'சி' என்று வைத்துத்தான் சார்ட் ஓட்டுவேன், அப்போதுதான் பைட் எண்படி நேர்மையாக வரிசை வரும். கெடு, கெண்டை, கெளுத்தி என்று 'கெ' வரிசை போய்க்கொண்டிருந்தது. அடுத்து 'கே' தொடங்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தீவு: கொக்கு, கொடி, கொம்பு. அதே சொற்கள் 'கை' வரிசை முடிந்ததும் தங்களுக்கு உரிய இடத்தில் மறுபடியும் இருந்தன. 'கே'வுக்கும் 'கை'க்கும் நடுவில் பார்த்தால் அங்கே கோடை, கோழி என்று இன்னொரு தீவு.

இரண்டு 'கொடி' வரிகளையும் தனியே எடுத்து 'ஓடி' கட்டளையில் பைட்டுகளைப் பதின்ம எண்ணாகக் காட்டச் சொன்னேன். வரி முடிவுக்கான 10ஐ விட்டுவிட்டால், ஒன்று இப்படி:

224 174 149 – 224 175 138 – 224 174 159 – 224 174 191

இன்னொன்று இப்படி:

224 174 149 – 224 175 134 – 224 174 190 – 224 174 159 – 224 174 191

முதலாவது 12 பைட். க, ஒகரக் குறி, ட, இகரக் குறி. இரண்டாவது 15 பைட். அதில் ஒகரக் குறி இரண்டாக உடைந்திருக்கிறது: ஒற்றைக்கொம்பு தனி, துணைக்கால் தனி. யூனிகோடில் ஒகரக் குறிக்கு 3018 என்று ஓர் எண் உண்டு. 3014 என்ற கொம்பையும் 3006 என்ற காலையும் அடுத்தடுத்து வைத்தாலும் அதே எழுத்துதான் என்று யூனிகோடே ஒப்புக்கொள்கிறது. திரையில் மயிரிழை வித்தியாசம் இல்லை. ஆனால் சார்ட்டும், அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் 'யூனிக்' கட்டளையும் பைட்டைத்தான் பார்க்கின்றன, அவற்றுக்கு இவை இரண்டு சொற்கள். ஓகாரமும் அப்படியே, 3015ம் காலும் சேர்ந்தால் 3019. ஔகாரத்துக்கும் உண்டு.

உடைந்தவை பெரும்பாலும் நண்பரின் கோப்பிலிருந்து வந்தவை. காரணம் புரிகிறது. பழைய எழுத்துருக்களில் கொம்பைத் தட்டி, எழுத்தைத் தட்டி, காலைத் தட்டுவோம், தாளில் எழுதுகிற அதே முறை. மாற்றி நிரல் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் காலை அப்படியே விட்டிருக்கிறது. விக்சனரிப் பட்டியலில் ஒன்றுகூட இப்படி இல்லை. விக்சனரியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் உள்ளே வருவதையெல்லாம் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கிறது. நான்கு கோப்பில் ஒன்றாவது அளவுகோலாக இருந்தது பெரிய உதவி.

மருந்து 'யூகான்வ்' என்ற மாற்றிக் கட்டளை. டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் ஐசியு டெவ்டூல்ஸ் என்ற பொதியில் வருகிறது. என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்று என்று ஒரு சொல் கொடுத்தால் போதும், உடைந்த கொம்பும் காலும் ஒட்டிக்கொள்கின்றன. பைத்தானிலும் பெர்லிலும் இதைச் செய்யலாம், ஆனால் ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்கு ஊட்டும் பைப்பில் நடுவே சொருகுவதற்கு இதைப் போல வசதியானது வேறில்லை. முக்கியம், இதை முதலில் செய்ய வேண்டும். நான் ஒரு தடவை இரட்டை நீக்கிவிட்டு அப்புறம் ஒட்டினேன். இரண்டு கொடிகளும் இப்போது உண்மையாகவே ஒரே மாதிரி ஆகி, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன.

இதற்கு நடுவில் ஒரு முழு இரவைத் தின்ற விஷயம் ஒன்று. 'பக்ஷி' மாதிரிச் சொற்களில் க், ஷ இரண்டும் கூட்டெழுத்தாகச் சேராமல் தனித்தனியே தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை வைப்பார்கள். எண் 8204, பைட்டுகள் 226 128 140. சொற்பட்டியலுக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். யூகான்வ் அதைத் தொடாது. கை பழக்கத்தில், பைட்டுகளை மாற்றவோ நீக்கவோ உதவும் 'டிஆர்' கட்டளையைக் கொண்டு அந்த மூன்று பைட்டுகளையும் நீக்கச் சொன்னேன். வரி எண்ணிக்கை அழகாகக் குறைந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் நீர் இல்லை, தீ இல்லை, சீப்பு இல்லை. எல்லாம் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியாக இருந்தன.

டிஆர் அந்த மூன்றையும் ஒரு தொடராகப் பார்க்காது. 128 எங்கே வந்தாலும் எடுத்துவிடும், 140 எங்கே வந்தாலும் எடுத்துவிடும். நம் ஈகாரக் குறியின் பைட்டுகள் 224 175 128. ஔகாரக் குறியின் பைட்டுகள் 224 175 140. இரண்டின் வாலையும் வெட்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு மட்டும் டிஆர் ஓட்டுகிறவர்களுக்கு இது வாழ்நாளில் வராது. தமிழ்க் கோப்பில் 13ஆம் பைட்டை நீக்குவதற்கு மேல் டிஆரை நம்பாதீர்கள். தொடரைத் தேடி மாற்றும் 'செட்' கட்டளை அந்த மூன்று பைட்டையும் வரிசையாகச் சேர்ந்து வந்தால்தான் நீக்கும், அதுவே சரி. மூலக் கோப்புகளைத் தொடாமல் நகலில் வேலை செய்ததால் பிழைத்தேன்.

இரட்டை நீக்க சார்ட் நல்லதா, வரி வரியாக உரையைக் கையாளும் 'ஆக்' என்ற சின்ன நிரல்மொழி நல்லதா என்று கேட்டால் என் பதில்: இரண்டும் வேண்டும். என் சொந்தக் குறிப்புக் கோப்பில் சொற்கள் கேட்ட ஊர்வாரியாக அடுத்தடுத்து இருக்கின்றன, அந்த வரிசை கலையக்கூடாது. அதற்கு ஆக்தான். வரியையே சாவியாக வைத்து ஓர் அட்டவணையில் (அரே) எண்ணிக்கொண்டே போய், முதல் தடவை வந்ததை மட்டும் அச்சிடும் அந்த ஒற்றை வரி நிரல், ஆச்சரியக்குறியில் தொடங்கி இரண்டு பிளஸ்ஸில் முடிவது. எத்தனை தடவை தட்டினாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் அது பார்த்த ஒவ்வொரு புது வரியையும் நினைவகத்தில் வைத்திருக்கும். சொற்பட்டியலுக்குப் பரவாயில்லை. வாக்கியங்களாக உள்ள பெரிய கோப்பில் ஓட்டியபோது என் 4 ஜிபி மடிக்கணினி மூச்சுத் திணறி நின்றது. சார்ட் அப்படி இல்லை, நினைவகம் போதாவிட்டால் தற்காலிகக் கோப்புகளாகத் துண்டு துண்டாக வட்டில் எழுதி, கடைசியில் கோத்துக் கொடுக்கும். எங்கே எழுத வேண்டும் என்று மைனஸ் பெரிய டி கொடுத்துச் சொல்லிவிடலாம். எதற்கெடுத்தாலும் ஆக் போதும் என்கிறவர்கள் பெரிய கோப்பைத் தொட்டதில்லை என்றே நினைக்கிறேன்.

இதற்காகவே போன சனிக்கிழமை சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் பழைய டிடிஆர்3 நினைவகப் பட்டை ஒன்று, 8 ஜிபி, வாங்கிவந்தேன். கடைக்காரர் கேட்காமலே அங்கேயே மாட்டி, சோதனை ஓட்டிக் காட்டித் தந்தார். பழைய மடிக்கணினிக்கு வாங்கப் போகிறவர்கள் மின்னழுத்தம் 1.35 வோல்ட்டா 1.5 வோல்ட்டா என்று பார்த்துக்கொண்டு போங்கள். சில கணினிகள் 1.35ஐ மட்டுமே ஏற்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் இதில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சார்ட்டின் மைனஸ் யு வேறு, யூனிக்கின் மைனஸ் யு வேறு. சார்ட்டில் அது இரட்டைகளில் ஒன்றை வைத்துக்கொள்ளும். யூனிக்கில் இரட்டையாக வந்த சொல்லையே அடியோடு எறிந்துவிட்டு, ஒரே தடவை வந்தவற்றை மட்டும் தரும். பட்டியலில் மிகப் பழக்கமான சொற்கள்தான் நான்கு கோப்பிலும் இருக்கும், அவைதான் முதலில் காணாமல் போகும். அம்மா, வீடு, தண்ணீர் இல்லாத பட்டியலை வைத்து என்ன செய்வது!

அடுத்து அலைவெண் பட்டியல், அதாவது எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்ற கணக்கு, போட ஆசை. 1986இல் கணினியியல் அறிஞர் டொனால்ட் கனூத் எழுதிய சொல் எண்ணும் நிரலை விமர்சித்த, யூனிக்ஸில் பைப்பைக் கொண்டுவந்த டக் மெக்கில்ராய், அதே வேலையை ஆறு கட்டளைகளைப் பைப்பில் கோத்துச் செய்து காட்டினார். டிஆர் இரண்டு தடவை, சார்ட், யூனிக், மறுபடி சார்ட், செட். அதைத் தமிழுக்குச் செய்ய வேண்டும். அந்த டிஆர் இரண்டையும்தான் மாற்ற வேண்டியிருக்கும். அகராதி வரிசையும் பாக்கி. பைட் வரிசையில் ன என்பது ந, ப இரண்டுக்கும் நடுவில் வருகிறது, ழ என்பது ள-வுக்குப் பின்னால் போகிறது. இந்த வரிசையில் அச்செடுத்துக் கொடுத்தால் தமிழாசிரியர் யாரும் மன்னிக்க மாட்டார்.

சரி, அந்த மிச்சம். 'கௌரவம்' இன்னும் இரண்டு தடவை வருகிறது. ஔகாரக் குறியின் இரண்டாம் பாதி பார்ப்பதற்கு அச்சாக 'ள' போலவே இருப்பதால், பலர் கொம்பைப் போட்டு உண்மையான 'ள' எழுத்தையே தட்டிவிடுகிறார்கள். அது யூனிகோடைப் பொறுத்தவரை வேறு சொல், யூகான்வ் ஒட்டாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது, மாற்றினால் வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாம் பாழ். 'ஸ்ரீ'யும் இதே கதை, ஸ-வில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடுக்கு வந்த ஶ-வில் தொடங்குவது இன்னொன்று, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்.

கொம்புக்குப் பின் 'ள' வந்து, அந்த 'ள'வுக்குப் புள்ளியோ வேறு குறியோ இல்லாத சொற்களை மட்டும் 'கிரெப்' என்ற தேடல் கட்டளையால் எடுத்துத் தனிக் கோப்பில் ஒதுக்கியிருக்கிறேன். 214 வரி. வௌவால் மட்டும் அதில் ஒன்பது விதமாக, விகுதிகளோடு. தினம் ஐம்பதாகக் கண்ணால் பார்த்து மாற்றுகிறேன். இன்று 61 வரை வந்திருக்கிறது.