ஓர்ஹெய் பக்கம் விறகு அடுக்கப் போன கதை

மால்டோவாவில் நான் வாங்கிய முதல் திட்டு விறகுக்காக. பாட்டி கைத்தடியை ஓங்கிக்கொண்டு பொரிந்து தள்ளினார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் திட்டுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

பாளையங்கோட்டையில் எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம், 2023 அக்டோபர் கடைசியில். மும்பை, இஸ்தான்புல் வழியாக மால்டோவாவின் தலைநகர் சிசினாவ். போகப்போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது, "மாலத்தீவா?" இல்லை, மால்டோவா. ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே, கடல் இல்லாத ஒரு சின்ன நாடு. மிஷனெரி என்பதெல்லாம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1903இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. உலையில் போடும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியாக எடுத்து வைப்பார் என் அம்மா. அந்த அரிசிப் பானையைப் பார்த்து வளர்ந்தவன் ஐரோப்பாவுக்கு விறகு அடுக்கப் போவேன் என்று நினைத்ததில்லை.

விறகுதான் அங்கே முக்கியம். சிசினாவிலிருந்து வடக்கே ஓர்ஹெய் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் வால்நட் மரங்கள், அப்புறம் நீலச் சுண்ணாம்பு பூசிய வீடுகள், தெருவுக்குத் தெரு சக்கரம் வைத்த கிணறு. பார்க்க அழகு. ஆனால் பாதி வீடுகளில் ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. 2014 கணக்கெடுப்பில் சுமார் 28 லட்சமாக இருந்த ஜனத்தொகை, 2024இல் 24 லட்சம். சம்பாதிக்கிற வயதில் இருப்பவர்கள் இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா என்று போய்விட, வீட்டில் மிஞ்சியிருப்பது பாட்டிகள். தாத்தாக்கள் பெரும்பாலும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

எங்களை வரவேற்றது உள்ளூர் பாப்டிஸ்ட் சபை. அவர்கள் வருஷா வருஷம் குளிர் தொடங்குமுன் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு விறகு இறக்குகிறார்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் என்று அடுக்கினால் அது ஒரு 'ஸ்டெர்'. நாங்கள் காசு கொண்டுபோயிருந்தோம், ஆறு ஜோடி கையும் இருந்தது. கூடவே ஒரு பேனர், பரிசுப் பை, அசைவுப் பாட்டு என்று எங்கள் டீச்சரக்கா தயாரித்த நிகழ்ச்சியும் இருந்தது. முதல் வீட்டில் பேனரை விரித்துப் படம் எடுத்தோம். அந்தத் தாத்தா பையைக் கையில் வாங்காமல் கதவோரம் வைக்கச் சொன்னார். அன்று சாயங்காலமே பேனரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தது டீச்சரக்காதான். யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் சொல்லவந்தது மூன்றாவது வீட்டுப் பாட்டியை. வயது 83. உள்ளூர்க்காரர்களைப் போல நாங்களும் புனிக்கா என்றே கூப்பிட்டோம், பாட்டி என்று அர்த்தம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ வீடு. மூலையில் மாதா படம், அதைச் சுற்றி பூவேலை செய்த வெள்ளைத் துண்டு. எங்களைப் பார்த்ததும் மொழிபெயர்க்க வந்த தம்பியிடம் ஏதோ கேட்டுச் சிரித்தார். "இவர்களும் பொக்கயீட்ஸா?" என்றாராம். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே ஆட்களை ஊரில் கேலியாக அழைக்கும் பெயர். அர்த்தம் என்ன என்று கேட்டால், மனந்திரும்பினவர்கள்! நம் வேதாகமத்தில் பாரமாக ஒலிக்கிற சொல் அங்கே வேலிக்கு மேலே எறிகிற பட்டப்பெயர். இந்தியா என்றதும் அடுத்த கேள்வி ராஜ் கபூர். சோவியத் காலத்தில் ஊர் ஊராக அவர் படம் ஓடியிருக்கிறது. பாட்டி ஒரு வரி பாடிவிட்டு, மீதியை நீ பாடு என்று என்னைப் பார்த்தார். பாளையங்கோட்டைக்காரனிடம் இந்திப் பாட்டு! நான் விறகுப் பக்கம் நழுவினேன்.

அங்கேதான் திட்டு. நம் வேல மரம் போல முள் வைத்த ஒரு மரத்தின் விறகு, பிளந்து குவித்திருந்தது. நாங்கள் நாலு பேர் சுவரோடு ஒட்டி, இடைவெளி விடாமல், நெஞ்சுயரத்துக்கு அடுக்கி முடித்து வியர்வையைத் துடைத்தோம். பாட்டி வந்து பார்த்தார். கைத்தடியால் நடுக்கட்டையைத் தட்டினார். முழுவதையும் பிரிக்கச் சொன்னார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. அடியில் மண் படாமல் பலகை. சுவருக்கும் விறகுக்கும் ஒரு சாண் இடம், காற்று போக. பட்டை மேலே பார்த்தபடி, அப்போதுதான் மழை உள்ளே இறங்காது. இரண்டு ஓரத்திலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டினால் தூண் மாதிரி நிற்கும், வரிசை சரியாது. ஒரு கட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டு நிமிர்ந்தால் பின்னாலிருந்து கைத்தடி முழங்காலில் படும். தாத்தா இல்லாத வீட்டில் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்மா சொல்லிக்கொடுத்தது என்றார், சைபீரியாவில்.

1949 ஜூலை 5 ராத்திரி. கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்களைப் பணக்கார விவசாயி என்று பட்டியல் போட்டு, சோவியத் அரசு மால்டோவாவிலிருந்து 35,000 பேருக்கு மேல் சரக்கு ரயிலில் ஏற்றி சைபீரியா பக்கம் அனுப்பியது. பாட்டிக்கு ஒன்பது வயது. அவர் அப்பாவின் குற்றம், வீட்டில் சொந்தமாகத் திராட்சை பிழியும் செக்கு இருந்தது. 1956இல் ஊர் திரும்பியபோது அப்பா கூட வரவில்லை. இதைச் சொல்லும்போதும் பாட்டியின் கண் என் கையில் இருந்த கட்டையின் மேல்தான்.

மத்தியானம் மாமலிகா. நம் சோளக்களியேதான், ஆனால் மக்காச்சோள மாவு. பலகையில் கவிழ்த்து, நூலை இழுத்து வெட்டுகிறார்கள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை உதிர்த்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். கருவாட்டுக் குழம்பு நினைவுக்கு வந்ததை மறைக்க முடியாது. நிலவறையிலிருந்து புது ஒயினும் வந்தது, ஜக்கோடு. மொழிபெயர்ப்புத் தம்பி வேண்டாம் என்று தலையாட்ட, நாங்களும் ஆட்டினோம். பாட்டி முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் ஊறவைத்த செர்ரிப் பழச்சாறு கொண்டுவந்து, "மனந்திரும்பினவர்களுக்கு" என்று நக்கலாக வைத்தார். அந்த ஒரு கிளாஸ் ஒயினைக் குடித்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. போதகர் ஐயா இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. வீடியோவில் மகள், இத்தாலியில் பாதுவா நகரத்திலிருந்து. அங்கே ஒரு மூதாட்டியின் வீட்டிலேயே தங்கி அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. பதாந்தே என்கிறார்கள் இத்தாலியில். மால்டோவாப் பெண்கள் நிறையப் பேருக்கு அதுதான் பிழைப்பு. பதினோரு வருஷமாகப் போயிருக்கிறார். விறகைக் காட்டச் சொன்னார். தம்பி போனைத் திருப்பிக் காட்ட, ஓரக் கட்டத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா நின்று செய்ய வைத்திருக்கிறாள்" என்று சிரித்தார். பிறகு என்னைக் கேட்டார், உங்களுக்கு அம்மா இருக்கிறார்களா என்று.

இருக்கிறார்கள்.

"யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

ஹோம் நர்ஸ் ஒரு அக்கா, வீட்டோடு இருக்கிறார்கள் என்றேன். அவருக்குச் சொந்த ஊர் செங்கோட்டைப் பக்கம்.

"அவருடைய அம்மாவை?"

தம்பி அதை மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தான். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறவரை நான் அதைக் கேட்டதே இல்லை. நான் வாயைத் திறக்குமுன் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், மெலிந்த குரல். மகள் ஒரு நிமிஷம் என்று சொல்லிப் போனை மேஜையில் மல்லாக்க வைத்துவிட்டு எழுந்து போனார். திரையில் வெறும் சமையலறை விட்டம், ஒரு விளக்கு. பாட்டி போனைக் கையில் வாங்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் இரண்டு தரம் ஹார்ன் அடித்தார்.