ஸ்பெஷல் கிடைக்குமா? முதலாம் வருடத்திலேயே போட வேண்டிய கணக்கு

"ஸ்பெஷலுக்கு எவ்வளவு ஜி.பி.ஏ. வேணும்?" ஒவ்வொரு முறை பெறுபேறு வெளிவரும்போதும் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலைப் பீடத்திலும் விஞ்ஞான பீடத்திலும் சீனியர்மாரிடம் கேட்கப்படும் கேள்வி இது. ஸ்பெஷல் என்பது நான்கு வருடச் சிறப்புப் பட்டம். ஜி.பி.ஏ. என்பது பாடங்களில் எடுத்த தரங்களுக்கான புள்ளிகளின் சராசரி. ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. எந்தப் பாடங்களின் ஜி.பி.ஏ., எத்தனை அரையாண்டுகளுக்கு உரியது, எத்தனையாம் தடவை எழுதிய பரீட்சை அதில் சேரும் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இவற்றுக்கான பதில் பீடத்துக்குப் பீடம் மாறும். ஒரே பீடத்துக்குள் துறைக்குத் துறையும் மாறுவதுண்டு. உங்கள் பட்சுக்கு உரிய மாணவர் கைந்நூலில் எழுதியிருப்பதுதான் சட்டம். இரண்டு வருடம் மூத்தவருக்குப் பொருந்திய விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், ஏனெனில் பாடத்திட்டம் மாறும்போது தெரிவு விதிகளும் மாறுகின்றன.

அடிப்படை சுருக்கமாக இதுதான். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், குறைந்தது 90 கிரெடிட் (கிரெடிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு). நான்கு வருட ஹானர்ஸ் பட்டம் 6ஆம் மட்டம், குறைந்தது 120 கிரெடிட், அதற்குள் ஓர் ஆய்வும் உண்டு. முன்பு சிறப்புப் பட்டம் என்று அச்சிட்டதைத்தான் இப்போது ஹானர்ஸ் என்கிறார்கள். பேச்சில் இன்னும் ஸ்பெஷல்தான். பொறியியல், மருத்துவம் போன்ற பீடங்களில் உள்ளே வரும்போதே எல்லோருக்கும் நீண்ட பட்டம்தான் என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை இல்லை. பொதுப் பட்டமும் ஹானர்ஸும் ஒரே வாசலில் தொடங்கி நடுவழியில் பிரியும் பீடங்களில்தான் தெரிவு நடக்கிறது. கலைப் பீடங்களில் பெரும்பாலும் முதலாம் வருட முடிவிலும், விஞ்ஞான பீடங்களில் பெரும்பாலும் இரண்டாம் வருட முடிவிலும் பிரிக்கிறார்கள்.

இந்த ஒரு வருட வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. வெட்டுக்கோடு, அதாவது தெரிவுக்குத் தேவையான குறைந்தபட்ச ஜி.பி.ஏ., 3.00 என்று வைத்துக்கொள்வோம். விஞ்ஞான மாணவி ஒருவர் முதலாம் வருட 30 கிரெடிட்டில் 2.70 எடுத்திருந்தால், அடுத்த 30 கிரெடிட்டில் 3.30, அதாவது சராசரியாக பி பிளஸ் எடுத்து ஈடுகட்டலாம். கடினம்தான், ஆனால் நடக்கும். 2.40 என்றால் 3.60 வேண்டும். எல்லாவற்றிலும் ஏ மைனஸுக்கு அருகில் நிற்க வேண்டும். கலைப் பீடத்தில் முதலாம் வருடத்தோடு தெரிவு முடிந்துவிட்டால் அந்த 2.70ஐத் தூக்க அடுத்த வருடம் என்று ஒன்றே இல்லை. அங்கே முதல் அரையாண்டு வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் காலம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கணக்கில் அதிகம் பேர் சறுக்குவது கிரெடிட் எடையை மறப்பதால். மூன்று கிரெடிட் கோட்பாட்டுப் பாடத்தில் சி பிளஸ், இரண்டு கிரெடிட் செய்முறைப் பாடத்தில் ஏ மைனஸ் வந்ததாக வைப்போம். 2.3ஐயும் 3.7ஐயும் கூட்டி இரண்டால் பிரித்தால் 3.00 வரும். கோட்டைத் தொட்டுவிட்டோம் என்று நிம்மதி வரும். சரியான கணக்கு வேறு: 2.3ஐ மூன்றால் பெருக்க 6.9, 3.7ஐ இரண்டால் பெருக்க 7.4, மொத்தம் 14.3, ஐந்தால் பிரிக்க 2.86. கோட்டுக்குக் கீழே.

இன்னொன்று, புள்ளிக்கும் தரத்துக்கும் உள்ள உறவு சீரானதல்ல. பல பீடங்களில் 55 முதல் 59 வரை பி, 60இலிருந்து பி பிளஸ், 70 முதல் 84 வரை ஏ, 85இலிருந்து ஏ பிளஸ். ஏ, ஏ பிளஸ் இரண்டுக்கும் 4.0தான். ஆகவே ஏற்கனவே 72 வரும் பாடத்தை 84 ஆக்கப் பாடுபட்டால் ஜி.பி.ஏ. அசையாது. 59ஐ 60 ஆக்கினால் 3.0 என்பது 3.3 ஆகும். மூன்று கிரெடிட் பாடமென்றால் 0.9 தரப்புள்ளி கூடும். அந்த ஒரு புள்ளி பெரும்பாலும் இறுதிப் பரீட்சையில் போவதில்லை. கொடுக்காமல் விட்ட ஒப்படை, தூங்கிப்போன காலை நேர இன்கோர்ஸ் டெஸ்ட் என்று தொடர் மதிப்பீட்டில்தான் போகிறது. பல பாடங்களில் மொத்தத்தில் 30, 40 சதவீதம் அங்கேதான் இருக்கிறது.

வெட்டுக்கோட்டைத் தாண்டினாலும் கதை முடிவதில்லை. பல துறைகள் இரண்டு எண்களைப் பார்க்கின்றன: மொத்த ஜி.பி.ஏ. ஒன்று, ஹானர்ஸ் செய்ய விரும்பும் பாடத்தின் ஜி.பி.ஏ. மற்றொன்று. இடங்கள் மட்டுப்பட்டவை. ஆய்வுகூட மேசைகளும், ஆய்வை மேற்பார்வை செய்யக்கூடிய விரிவுரையாளர்களின் தொகையும் அதைத் தீர்மானிக்கின்றன. விண்ணப்பம் கூடினால் வரிசைப்படுத்துவார்கள். வரிசை பாட ஜி.பி.ஏ.யில் போட்டால், மொத்தத்தில் 3.4 வைத்திருப்பவரை 3.2 வைத்திருப்பவர் முந்திவிடலாம். இதில் அநியாயம் எதுவும் இல்லை, துறை தன் பாடத்தில் யார் கெட்டி என்றுதான் பார்க்கிறது. கைந்நூலில் சொல்லும் எண் விண்ணப்பிக்கத் தேவையான குறைந்தபட்சம் மட்டுமே. உண்மையான கோடு அந்த வருடப் போட்டியில்தான் விழும்.

ரிப்பீட் எழுதி ஏறிவிடலாம் என்ற நம்பிக்கையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மீள்பரீட்சையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தரம் பொதுவாக சி, அதாவது 2.0 என்ற அளவோடு நிறுத்தப்படும். 60 கிரெடிட் முடித்தவர் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் சி மைனஸை (1.7) சி ஆக்கினால் ஜி.பி.ஏ. 0.015 கூடும். மாதக்கணக்கில் உழைத்து அவ்வளவுதான். இ (0) ஆக இருந்ததை சி ஆக்கினால் 0.10 கூடும், அது பெறுமதியானது. ஆனால் மீள்பரீட்சை பெரும்பாலும் அடுத்த பட்சோடு அடுத்த வருடம்தான் வரும். தெரிவு அதற்குள் முடிந்திருக்கலாம். சில விதிகள் விரும்பும் பாடத்தின் எல்லாப் பரீட்சைகளிலும் முதல் தடவையிலேயே சித்தியடைந்திருக்க வேண்டும் என்றும் கேட்கும். அப்படியானால் ரிப்பீட் பட்டத்தைக் காப்பாற்றும், ஸ்பெஷலைக் காப்பாற்றாது.

பரீட்சை நாளில் காய்ச்சல் என்றால் போய் அரைகுறையாக எழுதுவதா, மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்) போடுவதா? மெடிக்கல் ஏற்கப்பட்டால் அடுத்து எழுதுவது முதல் தடவையாகவே கருதப்படும், சி என்ற உச்சவரம்பு விழாது. ஜி.பி.ஏ.க்கு அது நல்லது. ஆனால் அந்தப் பாடம் முடியாமல் நிற்பதால் தெரிவு நேரத்தில் கிரெடிட் குறையும். இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. சான்றிதழ் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடமோ அரச வைத்தியசாலையிலோ பெற்றதாக, குறித்த நாட்களுக்குள் பீட அலுவலகத்தில் கொடுத்ததாக இருக்க வேண்டும். பிந்திக் கொடுத்த மெடிக்கலும் கொடுக்காத மெடிக்கலும் ஒன்றுதான். 80 சதவீத வரவு இல்லாமல் பரீட்சைக்கே அனுமதி மறுக்கப்பட்டால் மெடிக்கல் பற்றிய பேச்சே எழாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் பொறி பாடத் தெரிவு. முதல் வாரங்களில், நண்பர்கள் எடுக்கிறார்கள் என்று மூன்று பாடங்களை நிரப்பிக் கொடுக்கிறார்கள். இரசாயனவியல் எடுக்காதவர் இரசாயனவியலில் ஹானர்ஸ் கேட்க முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது, சில துறைகள் தம் பாடத்தோடு துணையாக இன்னொரு பாடத்தையும் அல்லது குறிப்பிட்ட சில அலகுகளையும் முடித்திருக்கக் கேட்பது. விருப்பப் பாடம்தானே என்று விட்ட அலகு பிறகு தடையாக வந்து நிற்கும். ஆங்கிலம், கணினி போன்ற அலகுகள் பல இடங்களில் ஜி.பி.ஏ.யில் சேராது. ஆனாலும் சித்தி கட்டாயம் என்பதால் அவற்றை அலட்சியம் செய்தவர்களும் மாட்டுகிறார்கள்.

விண்ணப்பம் கோரும் அறிவித்தல் சில நாட்களே திறந்திருக்கும். முன்னுரிமை வரிசை கேட்டால் இரண்டாவது, மூன்றாவது இடங்களையும் நிரப்புங்கள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு அது கிடைக்காவிட்டால் பொதுப் பட்டத்துக்குத்தான் போவீர்கள். பெறுபேறு பிந்தினால் தெரிவு உறுதியாகாமலே வகுப்புகள் தொடங்கும். அந்த வாரங்களில் ஹானர்ஸ், பொது இரண்டு நேரசூசியையும் கையில் வைத்து இரண்டிலும் வரவு விழும்படி பார்த்துக்கொள்வது நல்லது. எடுபட்ட பிறகும் குறித்த ஜி.பி.ஏ.யைக் காக்காவிட்டால் பொதுப் பட்டத்துக்குத் திருப்பிவிடும் விதி பல துறைகளில் உண்டு. தானாக விலக நினைப்பவர் மூன்றாம் வருடத்தோடு 90 கிரெடிட்டும் நிறைந்திருக்கிறதா என்று பீட அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே கடிதம் கொடுக்க வேண்டும்.