ஸ்கிரைபஸில் பித்தளைக் கூஜா

வீட்டில் இருக்கும் பழைய பாத்திரங்களை வைத்து ஏ5 அளவில் ஒரு சிறு புத்தகம் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். தாம்பாளமும் ஈயச்சொம்பும் முடிந்தன. இப்போது கூஜா. புகைப்படத்தில் பின்னணி தெரியாமல், பாத்திரத்தின் வடிவத்திலேயே படத்தை வெட்டுவதுதான் வேலை.

தாம்பாளம் சுலபம். ஒரு வட்டம் வரைந்து, அதை இமேஜ் ஃப்ரேமாக, அதாவது படம் வைக்கும் சட்டமாக மாற்றி, படத்தை உள்ளே கொண்டுவந்தால் வேலை தீர்ந்தது. உருவம் எளிமையாக இருந்தால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி.

கூஜாவுக்குக் கழுத்து, வயிறு, அதற்கு மேல் வளைந்த பிடி. படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வளைகோடு வரையும் பெசியர் கருவியால் விளிம்பைச் சுற்றி வந்தேன். வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால் கோடு வழவழப்பாக வரும். புள்ளி கூடக்கூட விளிம்பு நெளியும். கோட்டை விளிம்பின் மேலேயே ஓட்டாமல் ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வரைந்தேன். இல்லையென்றால் பின்னாலிருக்கும் சுவரின் நிறம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

பிடிக்குள் தெரியும் சுவரையும் எடுக்க வேண்டுமே. அந்த இடைவெளியைத் தனியாக வரைந்து, இரண்டு கோடுகளையும் பாலிகனாக (மூடிய உருவமாக) மாற்றி, ஒன்றாகத் தேர்ந்தெடுத்து 'கம்பைன் பாலிகன்ஸ்' கொடுத்தேன். உள்ளே ஓட்டை விழுந்தது. அப்புறம் அதையே இமேஜ் ஃப்ரேமாக மாற்றினேன்.

படத்தை உள்ளே ஏற்றினால் அது புது ஃப்ரேமின் மூலையிலிருந்து தொடங்கும், வரைந்த இடத்தில் உட்காராது. கண்ணால் தள்ளிப் பொருத்த வேண்டியதில்லை, கணக்கு இருக்கிறது. கோடு வரையப் பயன்படுத்திய முதல் படம் பக்கத்தின் இடது ஓரத்திலிருந்து 10 மி.மீ. தள்ளியும், கூஜா ஃப்ரேம் 32 மி.மீ. தள்ளியும் இருந்தன. எனவே ஃப்ரேமுக்குள் படத்தின் எக்ஸ் (கிடைமட்ட) இடத்தில் 10 - 32 = -22. ஒய்க்கும் (செங்குத்து இடத்துக்கும்) இதே கழித்தல்தான். ஸ்கேலிங் (படத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும்) சதவீதம் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எழுத்தைச் சுற்றி ஓடவிட, கூஜாவை டெக்ஸ்ட் ஃப்ரேமுக்கு மேல் அடுக்கில் வைத்து 'யூஸ் கான்டூர் லைன்' தேர்ந்தெடுத்தேன். வெட்டும் கோடு வேறு, எழுத்தை விலக்கும் கோடு வேறு என்பதால் இரண்டாவதை மட்டும் வெளியே நகர்த்தி மூச்சுவிட இடம் கொடுக்கலாம். கூஜா நடுவில் நின்று இருபுறமும் எழுத்து ஓடுவது தமிழுக்குச் சரிப்படவில்லை. நம் சொற்கள் நீளம். குறுகிய பத்தியில் வரிக்கு இரண்டு சொல்தான் விழுகிறது, நடுவில் பெரிய பெரிய சந்து. கூஜாவை வலது ஓரத்துக்குத் தள்ளி, எழுத்தை இடப்பக்கம் மட்டும் சீராக்கிய பிறகே பக்கம் பார்க்கும்படி ஆனது.

தலைப்பு எழுத்தை அவுட்லைனாக்கி (வெறும் வரைகோடாக மாற்றி),  பித்தளைப் படத்தை அதற்குள் நிரப்பவும் செய்தேன். ஸ்கிரைபஸின் 1.4 பதிப்பில் தமிழ் எழுத்துகள் சேராமல் உடையும். 2024 தொடக்கத்தில் வந்த 1.6-இல் 'கூ' ஒழுங்காகவே வருகிறது. ஆனால் மெல்லிய எழுத்துருவில் பித்தளையே தெரியவில்லை, தடித்ததுதான் வேண்டும்.

அடுத்தது பனையோலை விசிறி. அதன் பிசிறுக்கு இந்தக் கோடு சரிவராது. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில், வேண்டாத பகுதியை மறைக்கும் லேயர் மாஸ்க் போட்டு, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகக் கொண்டுவரப் போகிறேன்.