பொறியில் விழாத ஈ

ஆயக்குடிக் கொய்யாத் தோட்டங்களில் பழ ஈக் கட்டுப்பாட்டுக்காக அலைந்த முதல் பருவத்தில், பொறி நிறைந்தால் வேலை முடிந்தது என்றே நம்பியிருந்தேன். ஈயை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினாலும் பூச்சிமருந்தும் ஊறிய பலகைத் துண்டைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தொங்கவிட்டுக் கிளையில் கட்டினால், சில நாட்களில் அடியில் செத்த ஈக்கள் குவிந்துவிடும். அதைக் காட்டி விவசாயிகளுக்குத் தைரியம் சொல்வேன். பறிப்பு தொடங்கியபோதோ பழத்துக்குப் பழம் புழு.

"செத்ததெல்லாம் ஆணா பெண்ணா, தம்பி?" என்று தோட்டக்கார அம்மா ஒருவர் கேட்டபோதுதான் படித்தது உறைத்தது. கொய்யா, மா, ஆரஞ்சு எனப் பல பழங்களைத் தாக்கும் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் இனத்தில் அந்த வாசனைக்கு வருவது ஆண் மட்டுமே. பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹவ்லெட், அதே மெத்தில் யூஜினால் அடங்கிய சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் ஈக்கள் மொய்ப்பதை 1912இலேயே எழுதியிருக்கிறார். பசிபிக்கின் ரோட்டா தீவில் 1960களில் இதே மருந்துத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டு ஈயையே ஒழித்தார்கள். அது கடல் சூழ்ந்த நிலம். இங்கே ஒரு தோட்டத்தில் மட்டும் பொறி கட்டினால், பக்கத்துத் தோட்டத்தில் இணைசேர்ந்த பெண் ஈ வரப்பைத் தாண்டி வந்து முட்டையிட்டுவிடும்.

அந்த அம்மாவே உதிர்ந்த பழம் ஒன்றை எடுத்துப் பிட்டுக் காட்டினார். தோலில் ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளிதான் இருந்தது. உள்ளே சதை கூழாகி, வெண்ணிறப் புழுக்கள் உடலை வளைத்துத் துள்ளி என் உள்ளங்கையில் விழுந்தன. மரத்தடி மண்ணை விரலால் கீறியபோது, சிறுத்த கோதுமை மணிகளைப் போலப் பழுப்புநிறக் கூட்டுப்புழுக்கள் கிடைத்தன. நான் கிளையையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் அடுத்த தலைமுறை காலடியில் வளர்ந்திருக்கிறது.

மறு பருவத்தில் பொறிகளை அடுத்தடுத்த தோட்டங்களிலும் ஒரே வாரத்தில் கட்டச் செய்தேன். உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, 2 அடிக்கும் ஆழமான குழியில் புதைத்து, மரத்தடியைக் கொத்திவிடச் சொன்னேன். சேதம் கண்கூடாகக் குறைந்தது. விலை சரிந்த வாரங்களில் மட்டும் அந்தப் பலன் நிலைக்கவில்லை. பறிகூலிக்கே கட்டாதபோது உதிர்ந்ததைப் பொறுக்க யாரும் ஆள் விடமாட்டார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, சந்தையில் விலை இறங்கியது தெரிந்தால், பறிக்காமல் விட்ட தோட்டங்களுக்குத்தான் இப்போது முதலில் போகிறேன்.